கோல்ஃப் மைதானத்தில் ஜிபிஎஸ்: கொடியைக் கடைசியில் பாருங்கள்

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் "நூத்தம்பது" என்று பதில் வரும். எதுவரைக்கும் நூத்தம்பது என்று யாரும் சொல்வதில்லை, கேட்டவரும் விசாரிப்பதில்லை. குழியும் கொடியும் இருக்கிற கிரீன் என்ற புல்தரை தொடங்கும் இடம் வரையா, நடுவுக்கா, கொடிக்கா, பின்விளிம்புக்கா? சாதாரணமான ஒரு கிரீனுக்கே முன்னும் பின்னுமாக 30 யார்டு ஆழம் இருக்கும். கிளப்புக்குக் கிளப், அதாவது ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும், 10 யார்டு என்று வைத்துக்கொண்டால் அது மூன்று கிளப் வித்தியாசம். ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிய பிறகும் பலர் நடுவில் பெரிதாகத் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடிக்கிறார்கள். அதற்கு மேலும் கீழும் பொடி எழுத்தில் இருக்கிற முன்விளிம்பு, பின்விளிம்பு எண்கள் இரண்டுக்காகத்தான் அந்தக் கருவிக்கே காசு கொடுக்கிறோம் என்பது என் கட்சி.

நான் நில அளவைத் தொழிலில் இருந்தவன். சங்கிலி, டேப், தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன், அப்புறம் ஜிபிஎஸ் என்று எல்லாவற்றையும் தோளில் சுமந்து நடந்தாயிற்று. அதனால் எந்த எண்ணைக் காட்டினாலும் "இதில் பிழை எவ்வளவு, எந்தப் பக்கமாக?" என்று கேட்காமல் இருக்க வராது. கூட ஆடுகிறவர்களுக்கு இது எரிச்சல்தான். என் மருமகனுக்கு மட்டும் பழகிப்போய்விட்டது.

முதலில் பிழைக் கணக்கு

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். கோல்ஃபுக்கு அது எதற்கும் உதவாது. அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் மைதானத்துக்கான கைக்கருவிகள் பிழைக்க வழி பிறந்தது. இன்றைக்குத் திறந்த வானத்தின் கீழே ஒரு வாட்ச்சோ போனோ ஏறக்குறைய 3 முதல் 5 மீட்டருக்குள் உங்கள் இடத்தைச் சொல்லிவிடும்.

5 மீட்டரா என்று பயப்பட வேண்டாம். அந்தப் பிழை எந்தத் திசையில் விழுகிறது என்பதுதான் விஷயம். கிரீன் 137 மீட்டரில், அதாவது 150 யார்டில் இருக்கிறது என்று வையுங்கள். கருவி உங்களை 4 மீட்டர் இடப்பக்கமாகத் தள்ளிக் காட்டினால், தூரத்தில் வருகிற மாற்றம் 6 சென்டிமீட்டர்தான். அதே 4 மீட்டர் பந்துக்கும் கிரீனுக்கும் நடுவேயுள்ள கோட்டின் போக்கில், முன்னேயோ பின்னேயோ விழுந்தால் முழு 4 மீட்டரும் தூரத்தில் ஏறிவிடும். ஆகவே பெரும்பாலான நேரம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பிழை இருக்காது. சில நேரம் அரை கிளப் அளவுக்கு இருக்கும். என் 7 அயர்ன் (இரும்புத் தலை கிளப், எண் கூடக் கூடத் தூரம் குறையும்) ஷாட்டுகள் முன்னும் பின்னுமாகச் சிதறுகிற அளவோடு ஒப்பிட்டால் கருவி நல்ல பிள்ளை.

மரத்தடியில் இந்தக் கணக்கு செல்லாது. இடம் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிய வேண்டும். அடர்ந்த கிளைகளுக்குக் கீழே சில சிக்னல்கள் மறைந்துவிடும், சில இலையிலும் தண்டிலும் பட்டுச் சுற்றி வரும். மரக்கூட்டத்துக்குள் பந்து போயிருந்தால் திறந்த இடத்திலேயே எண்ணைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து பந்து வரை காலால் எண்ணிக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய எட்டு ஒன்றுக்கு ஒரு யார்டு.

முதல் டீக்குப் போகும் முன்

டீயில், அதாவது ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்கிற மேடையில், ஏறி நின்றுகொண்டு கருவியை ஆன் செய்யாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஷூ மாட்டுகிற நேரத்திலேயே ஆன் செய்து வானம் தெரியும்படி வைத்துவிட்டால், முதல் ஹோலுக்கு வருவதற்குள் செயற்கைக்கோள்களைப் பிடித்து நிலைக்கு வந்திருக்கும். அந்த இடைவெளியில் பார்க்க வேண்டியது மூன்று.

யார்டா, மீட்டரா? ஸ்கோர் கார்டில் எந்த அலகோ அதே அலகைக் கருவியிலும் வையுங்கள். 150 மீட்டர் என்பது 164 யார்டு. இதில் குழம்பினால் ஒரு கிளப்புக்கும் மேலே போய்விடும்.

மைதானத்தின் மேப் புதுசா? கிரீனைக் கொத்திப் புதிதாகப் போட்டிருப்பார்கள், பங்கரை, அதாவது மணல் குழியை, மூடியிருப்பார்கள். செயற்கைக்கோள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பழைய மேப்பை வைத்துக்கொண்டு பழைய கிரீனுக்குத்தான் தூரம் சொல்லும். வீட்டிலேயே அப்டேட் செய்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது ஹோல் எண். கருவி தானாகவே அடுத்த ஹோலுக்கு மாறும்தான். ஆனால் இரண்டு ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) பக்கம் பக்கமாக ஓடுகிற இடத்தில் நீங்கள் பக்கத்து ஃபேர்வேயில் அடித்துவிட்டால், அதுவும் பக்கத்து ஹோலுக்குத் தாவிவிடலாம். எண் விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் மூலையில் இருக்கிற ஹோல் எண்ணையும், அந்த ஹோலுக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கையான பாரையும் பாருங்கள்.

இதற்கப்புறம் நான் ஒரு வேலை செய்வேன், அளவைக்காரன் புத்தி. தெரிந்த புள்ளியில் நின்று கருவியைச் சோதிக்காமல் அன்றைய வேலையைத் தொடங்க மாட்டோம். மைதானத்தில் அந்தப் புள்ளி ஃபேர்வேயில் கிரீனுக்கு 150 யார்டு என்று காட்டுகிற குறி, இல்லையென்றால் தூரம் பொறித்த ஸ்பிரிங்க்ளர் மூடி. அதன் மேல் நின்று கொஞ்சம் பொறுத்து நடு எண்ணைப் பாருங்கள். 148, 153 என்று காட்டினால் சரி. 162 என்று காட்டினால் மேப் பழசு, அல்லது அலகு தப்பு, அல்லது அந்தக் குறியே கிரீனின் முன்விளிம்பு வரை அளந்து வைத்தது. பெரும்பாலான மைதானங்களில் நடு வரைதான் அளப்பார்கள். முன்விளிம்பு வரை அளந்த இடங்களும் உண்டு. இரண்டு மூன்று ஹோலில் இப்படிப் பார்த்துவிட்டால் அந்த மைதானத்தின் வழக்கம் பிடிபட்டுவிடும்.

மூன்று எண்கள்

இப்போது முக்கியமான இடம். பந்து ஃபேர்வேயில் கிடக்கிறது. கருவி முன்விளிம்பு 131, நடு 146, பின்விளிம்பு 162 என்கிறது. கிரீனுக்கு முன்னால் ஒரு பங்கர். கொடி முன்பக்கம், அன்றைய கொடி இடங்களைக் குறித்த தாளில் (pin sheet) முன்விளிம்பிலிருந்து 6 என்று போட்டிருக்கிறது. 131-உம் 6-உம் 137. என் 8 அயர்ன் காற்றில் 135 போகும், 7 அயர்ன் 146.

எனக்கு எடுத்துத் தர மருமகன் கை தானாக 8 அயர்னுக்குப் போனது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெல்லிசாப் பட்டா எங்க விழும்?"

"ஒரு அஞ்சு குறையும் மாமா."

"135-ல அஞ்சு போனா 130. முன்விளிம்பு 131. அப்ப பந்து எங்க?"

பங்கரில். 8 அயர்ன் அடிக்க வேண்டுமானால் மொத்தமும் சுத்தமாகப் பட வேண்டும். 4 யார்டு குறைந்தாலே கிரீனின் விளிம்பில்தான் விழும், அதற்கும் கீழே போனால் மணல். 7 அயர்ன் நன்றாகப் பட்டால் கிரீனுக்குள் 15 யார்டில் இறங்கும், கொடியைத் தாண்டி 9 யார்டு. பத்து யார்டு குறைவாகப் பட்டாலும் கிரீன்தான். நன்றாகப் பட்டு இறங்கிய இடத்துக்குப் பின்னாலும் 16 யார்டு மிச்சம்.

சரி, அதே கிரீனில் வேறொரு நாள் கொடி பின்னால். பின்விளிம்பிலிருந்து 6, அதாவது 156. என் 6 அயர்ன் 157 போகும், எண் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இறங்கின பந்து நிற்பதில்லையே. 157-இல் இறங்கி ஐந்து யார்டு உருண்டால் 162, பின்விளிம்பு தாண்டிச் சரிவில் போய்விடும். 7 அயர்ன் 146-இல் நடுவில் இறங்கி உருண்டு 151, 152-இல் நிற்கும். கொடிக்கு நாலைந்து யார்டு.

"என்ன மாமா, கொடி எங்க வெச்சாலும் 7 அயர்ன்தானா?" என்றார் மருமகன். இந்தக் கிரீனுக்கு, இந்தத் தூரத்திலிருந்து, என் கைக்கு, ஆமாம். கொடியை வைத்து கிளப்பைத் தேர்ந்தால் இரண்டு நாளும் ஆபத்தில் இருந்திருப்பேன்.

ஆகவே பார்க்கிற வரிசையை மாற்றுங்கள். முதலில் முன்விளிம்பு: என் சுமாரான ஷாட் இதைத் தாண்டுமா? அடுத்து பின்விளிம்பு: என் நல்ல ஷாட் உருண்டு இதற்குள் நிற்குமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்கிற கிளப்பைக் கையில் எடுத்த பிறகு, கொடி எங்கே என்று பார்த்து ஏதாவது மாற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. தொடுதிரை இருந்தால் கொடியின் இடத்தை விரலால் இழுத்து வைத்து அதற்கான தூரத்தையும் பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் அது கடைசி வேலை.

கிரீன் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபேர்வேயிலிருந்து பார்த்தால் 35 யார்டு ஆழம் இருக்கிற கிரீன், நீங்கள் பக்கவாட்டு ரஃபிலிருந்து (ஃபேர்வேக்கு வெளியே உள்ள நீளப் புல்) வரும்போது 15 யார்டுதான் இருக்கும். நல்ல கருவிகள் நீங்கள் நிற்கும் கோணத்துக்குத் தக்கபடி முன், பின் விளிம்புகளை மாற்றிக் கணக்கிடும். எளிய கருவிகள் சில, ஃபேர்வேயை வைத்துக் குறித்த இரண்டு புள்ளிகளையே எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது எளிது. கூட்டம் இல்லாத நாளில் கிரீனுக்குப் பக்கவாட்டில் போய் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற குறுக்களவோடு பொருந்தாவிட்டால், பக்கத்திலிருந்து அடிக்கும்போது நடு எண்ணை மட்டும் நம்புங்கள்.

தண்ணீர், மணல், வளைவு

லேசர் தூரமானி கொடியைக் குறிவைத்து அடித்தால் ஒரு யார்டுக்குள் சொல்லிவிடும். அதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கிற குளத்தை லேசரால் பார்க்க முடியாது. ஜிபிஎஸ் பார்க்கும். டீயில் நின்றபடியே குளம் 198-இல் தொடங்கி 224-இல் முடிகிறது என்று சொல்லிவிடும்.

இந்த இரண்டு எண்களையும் இரண்டு விதமாக வாசிக்க வேண்டும். தொடங்கும் எண்ணை, பந்து உருண்டு நிற்கிற மொத்தத் தூரத்தோடு ஒப்பிடுங்கள். என் 5 வுட் (அயர்னைவிடத் தூரம் போகும் பெரிய தலை கிளப்) காற்றில் 180 போய் இன்னும் 12 உருளும், மொத்தம் 192. 198-க்கு ஆறே யார்டு குறைவு. கருவியின் பிழையே அந்த ஆறைத் தின்றுவிடும், தரை காய்ந்திருந்தால் உருளலும் கூடும். ஆகவே அதைவிடக் குறைவாகப் போகும் ஹைபிரிட் கிளப். முடியும் எண்ணையோ, பந்து காற்றிலேயே போகிற கேரி தூரத்தோடு மட்டும் ஒப்பிட வேண்டும். தாண்டத்தான் போகிறேன் என்றால் 224-க்கு மேல் குறைந்தது 10 யார்டு கையிருப்பு இல்லாமல் நான் முயல மாட்டேன். குளத்தின் கரை வேறு நிலையானதில்லை. மேப் வரைந்த படத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்ததோ அதுதான் கருவிக்குத் தெரியும். இன்றைக்குக் கரை ஐந்தாறு யார்டு ஏறியிருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். பங்கருக்கு எதிர்ப்பக்க விளிம்பு உயர்ந்திருந்தால் அந்த உயரத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கருவி அதை மேலிருந்து பார்த்த கோடாகத்தான் வைத்திருக்கிறது.

வளைந்து போகிற ஹோலில் டீயிலிருந்து கிரீனுக்குக் காட்டுகிற எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். அது மரங்களுக்கு மேலே காக்கை பறக்கிற தூரம். ஸ்கோர் கார்டு 372 என்கும், கருவி 331 என்கும். இரண்டும் சரிதான், கார்டு ஃபேர்வேயின் வளைவோடு அளந்தது. உங்களுக்கு வேண்டியது வளைவு வரை எவ்வளவு, வளைவில் நேராகப் போனால் ஃபேர்வே எங்கே முடிகிறது என்ற இரண்டும். மேப் திரை இருந்தால் அந்த இடங்களைத் தொட்டால் போதும்.

பார் 5-இல் இரண்டாவது அடிக்குக் கழித்தல் கணக்கு. நடுவுக்கு 232 மிச்சம், எனக்குப் பிடித்த முழு வெட்ஜ் (கிட்டத் தூரத்துக்கான கிளப்) 90 என்றால், 142 அடித்தால் 90 நிற்கும். ஆனால் வழியில் ஆபத்து எதுவும் இல்லையென்றால் இந்தக் கணக்கே வேண்டாம். எவ்வளவு முன்னே போக முடியுமோ போய்விடுங்கள், கிரீனுக்கு அருகே இருப்பது லாபம்தான்.

உங்கள் எண்கள் தெரியாமல் கருவியின் எண்கள் எதற்கு

இவ்வளவும், உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் உதவும். எல்லாருக்கும் தெரியும் என்பார்கள். சொல்வது வாழ்நாளில் அடித்த மிகச் சிறந்த ஷாட்டின் தூரமாக இருக்கும்.

கருவியிலேயே ஷாட் அளக்கும் வசதி இருக்கும். அடித்த இடத்தில் குறித்துவிட்டு, பந்து நின்ற இடத்தில் போய் நின்றால் தூரம் வரும். அது உருளலையும் சேர்த்த மொத்தத் தூரம். கேரி வேண்டுமென்றால் கிரீனில் விழுந்த ஷாட்டுகளைப் பிடியுங்கள். பந்து நிற்கிற இடத்துக்குப் போகாமல், அது விழுந்து குழி பறித்த இடத்தில் நின்று எண்ணைப் படியுங்கள். அப்புறம் குழியைச் சரிசெய்துவிட்டு நடங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் மிக நீளமானதையும் தவறிப்போனவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தின் நடு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சித் திடலில் அளந்ததை நம்பி எழுத வேண்டாம். அங்கே கொடுக்கிற பந்துகள் தேய்ந்தவை, சில இடங்களில் குறைந்த தூரமே போகும்படி செய்தவை.

கருவி சொல்லாததும், சொல்லக் கூடாததும்

கிரீன் மேட்டில் இருந்தால் தூரம் கூடும், பள்ளத்தில் இருந்தால் குறையும். மூன்று அடி உயரத்துக்கு ஒரு யார்டு என்பது கைக்கணக்கு. 15 அடி மேடு என்றால் 5 யார்டு கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தானே கணக்கிட்டுச் சொல்கிற கருவிகள் உண்டு. பழகும்போது பயன்படுத்துங்கள், போட்டியில் அணைத்துவிடுங்கள்.

2019 முதல் நடப்பில் இருக்கிற விதி 4.3-இன்படி, போட்டியை நடத்துகிறவர்கள் தனியாகத் தடை போடாதவரை, தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு. அதற்கு முன்பு நிலைமை தலைகீழ்: உள்ளூர் விதி போட்டு அனுமதித்தால்தான் உண்டு. 2021-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் தொழில்முறை ஆட்டக்காரர்களே பயன்படுத்த அனுமதித்தார்கள். தூரமும் திசையும் அறியலாம். ஏற்ற இறக்கத்தை அளப்பது, பந்து கிடக்கும் இடத்தை வைத்து எந்த கிளப் என்று கருவியிடம் யோசனை பெறுவது, மைதானத்தில் காற்றின் வேகத்தை அளப்பது ஆகிய மூன்றும் கூடாது. முதல் முறை மீறினால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம், ஹோல் ஹோலாக வெல்லும் மேட்ச் பிளேயில் அந்த ஹோல் போயிற்று. மறுமுறை மீறினால் ஆட்டத்தை விட்டே வெளியே. அந்த வசதி கருவியில் இருப்பது குற்றமில்லை, அதைப் பயன்படுத்துவதுதான் குற்றம். பல கருவிகளில் போட்டிக்கென்றே ஒரு மோட் இருக்கிறது. முதல் டீக்கு முன் அதைப் போட்டுவிட்டால் கவலை விட்டது.

காற்றுக்கு வழக்கம்போல புல்லைக் கிள்ளி விடுங்கள். அதை விதி தடுக்கவில்லை.

வாட்ச்சா, போனா, கைக்கருவியா என்று கேட்கிறவர்களுக்கு: வாட்ச் கையிலேயே இருக்கும், நடந்துகொண்டே பார்க்கலாம், ஆட்டம் தாமதமாகாது. கைக்கருவியில் மேப் பெரிதாகத் தெரியும். போன் ஆப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் போதும், ஆனால் திரையை எரியவிட்டு நாலைந்து மணி நேரம் ஆடினால் பேட்டரி காலியாகும், வெயிலில் திரையும் சரியாகத் தெரியாது. நான் வாட்ச் கட்சி.

40 யார்டுக்குள் வந்துவிட்டால் வாட்ச்சைப் பார்ப்பதை விடுங்கள். அங்கே 4 மீட்டர் பிழை என்பது ஷாட்டில் பத்தில் ஒரு பங்கு. பந்திலிருந்து கிரீனின் விளிம்பு வரை, விளிம்பிலிருந்து கொடி வரை என்று காலால் எண்ணிக்கொள்வது அதைவிடத் துல்லியம், வழியில் தரையின் சரிவும் பாதத்துக்குத் தெரியும். பின்னால் ஆள் காத்திருந்தால் பாதி தூரம் நடந்து இரட்டிப்பாக்கினால் போதும்.

பதினெட்டாவது முடிந்ததும் ரவுண்டை முடித்துச் சேமித்துவிடுங்கள். மறந்தால் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே பேட்டரி தீரும். அதோடு மருமகனுடைய வாட்ச்சில் போல, கடைசி வெட்ஜ் ஷாட் கிரீனிலிருந்து அவர் வீட்டு வாசல் வரை கிலோமீட்டர் கணக்கில் போனதாகப் பதிந்துகொண்டு, அந்த கிளப்பின் சராசரியையே கெடுத்துவிடும். அதை அழிப்பதற்கு அமைப்புகளுக்குள் எங்கே போவது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.